ஆளுக்குப் பாதி கியூ

அந்த பூல் ஹாலுக்கு வருகிறவர்களில், பந்தை அடிக்கிற கம்பான கியூவைப் பறிகொடுக்காத ஆளே கிடையாது. பூல் ஆடுகிற மனிதரிடம் போய், நீங்கள் ஆடியதிலேயே நல்ல ஆட்டம் எது என்று கேட்டால் யோசிப்பார். கையை விட்டுப் போன கியூ எது என்று கேட்டால் ஒரு மணி நேரம் விடமாட்டார். பஸ் டிரைவர் தன்னுடையதை ரயிலில் மறந்துவிட்டு இறங்கியவர். குமாஸ்தா ஒருவர் இனி இந்த ஆட்டமே வேண்டாம் என்று வீறாப்பாகத் தன் கியூவைச் சகலைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, எட்டாம் நாள் திருப்பிக் கேட்கப் போய், எந்த கியூ என்று சகலை கேட்டதில் வெறுங்கையோடு திரும்பியவர். போன கியூ எல்லாமே தங்கம். அது இருந்திருந்தால் இந்நேரம் எங்கேயோ போயிருப்பார்கள்.

ஆனால் பாதி கியூவைப் பறிகொடுத்தவர்கள் அந்த ஹாலில் இரண்டே பேர்தான். அதுவும் ஒரே கியூவில்.

ஒருவர் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். ஹாலில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றே பெயர். மற்றவர் பல் செட் செய்கிறவர், அதனால் பல்லுக்காரர். லிஃப்ட்காரரின் சொந்தத் தங்கையைக் கட்டியவர். இருவரும் ஒரே ஹாலில் பதினைந்து வருஷமாக ஆடினார்கள், ஒரே டேபிளில் ஒருநாளும் ஆடவில்லை. ஒருவர் உள்ளே வந்தால் மற்றவர் மூலை டேபிளுக்கு நகர்ந்துவிடுவார். போட்டி வைக்கும்போது இந்த இரண்டு பெயரையும் எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதுவதற்கு ஹால்காரர் நன்றாகப் பழகியிருந்தார்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். நல்ல கியூ ஒரே கம்பாக இருக்காது. நடுவில் திருகு வைத்து இரண்டாகக் கழற்றலாம். கையில் பிடிக்கிற கனத்த பக்கம் அடிப்பாதி. பந்தைத் தொடுகிற மெல்லிய பக்கம் நுனிப்பாதி. ஒன்றில்லாமல் மற்றது துணி காயப்போடக்கூட நீளம் போதாது.

அவர்கள் இருவரும் ஒருகாலத்தில் டேய் வாடா போடா என்று பேசிக்கொண்டு ஜோடியாக ஆடியவர்கள். ஊர் இரட்டையர் போட்டியில் ஜெயித்ததற்குத்தான் அந்த கியூ கிடைத்தது. ஜெயித்தது இரண்டு பேர், கிடைத்தது ஒன்று. பரிசு கொடுத்த புண்ணியவானுக்கு இரண்டு வரை எண்ணத் தெரியாதோ என்னவோ. ஆறு மாதம் உனக்கு, ஆறு மாதம் எனக்கு என்று வைத்துக்கொண்டார்கள். அந்தச் சந்தோஷத்தில்தான் லிஃப்ட்காரர் தங்கையை ஜோடிக்காரனுக்கே கொடுத்தார். கல்யாணத்தோடு ‘டா’ போயிற்று, மச்சானும் மாப்பிள்ளையும் வந்தார்கள். அது சண்டைக்குத்தான் வசதியாகப் போயிற்று. ‘டா’ போட்டுத் திட்டினால் அரை மணியில் ஆறிவிடும். ‘நீங்க’ போட்டுத் திட்டினால் ஆறவே ஆறாது.

அந்த வருஷம் மாநில இரட்டையர் போட்டியில் அரையிறுதி வரை போனார்கள். கடைசிக் கருப்புப் பந்து மட்டும் மிச்சம், போட்டால் ஜெயம், லிஃப்ட்காரரின் முறை. குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார், பிறகு திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார். “கஷ்டம்னா தடுத்து வைங்க மச்சான்” என்றார் மாப்பிள்ளை. இவர் போடப் பார்க்காமல், வெள்ளைப் பந்தை எதிராளிக்கு அடிக்க வசதியில்லாத மூலையில் ஒதுக்கிவைத்தார். எதிராளி அந்தத் தடுப்பையும் மீறிக் கருப்பைப் போட்டு, கை குலுக்கிவிட்டுப் போய்விட்டார். ‘கஷ்டம்னா’ என்று மாப்பிள்ளை சொன்னதை லிஃப்ட்காரர் அன்று மாலைக்குள் மறந்துவிட்டார். ‘தடுத்து வைங்க’ மட்டும்தான் நின்றது.

திரும்பி வரும் பஸ்ஸில், தோற்றது யாரால் என்று சண்டை. இனிமேல் கியூ யாரிடம் இருப்பது என்று ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். இழுத்ததில் திருகு கழன்று, நுனிப்பாதி இவர் கையிலும் அடிப்பாதி அவர் கையிலும் வந்தது. இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டர்கூடக் கேட்டார், ஒடைஞ்சு போச்சா என்று. ஊர் வந்ததும் ஆளுக்கு ஒரு பாதியோடு இறங்கி ஆளுக்கு ஒரு பக்கம் நடந்தார்கள். பாதிக் கியூவை வைத்துக்கொண்டு என்ன செய்துவிடுவான், காலையில் வாசலில் வந்து நிற்பான் என்று இவர் நினைத்தார். அவரும் அதையே நினைத்தார். பதினைந்து வருஷமாக கியூவுக்காக யாரும் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை.

லிஃப்ட்காரர் தன் நுனிப்பாதிக்கு ஒரு அடிப்பாதி செய்துகொண்டார். பல்லுக்காரர் தன் அடிப்பாதிக்கு ஒரு நுனிப்பாதி செய்துகொண்டார். பந்தைத் தொடுவது நுனி, ஆகவே உண்மையான கியூ தன்னிடம்தான் இருக்கிறது என்பது இவர் கட்சி. கனமும் சமநிலையும் அடியில்தான், நுனி தேய்ந்தால் மாற்றிக்கொள்கிற சாமான் என்பது அவர் கட்சி. ஹாலில் இதற்கு இரண்டு கோஷ்டிகள் இருந்தன. வேலைவெட்டி இல்லாத மத்தியானங்களில் இதைக் கிளப்பிவிட்டால் பொழுது நன்றாகப் போகும்.

லிஃப்ட்காரர் நன்றாகத்தான் ஆடுவார். அதில் பொய்யில்லை. ஆனால் தோற்ற ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் கியூவின் அடிப்பக்கத்தைக் கையில் உருட்டிப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். என்ன ஆச்சு என்று கேட்டால் போதும். “அடி சரியில்ல. ஒரிஜினல் அடி எங்கே இருக்குன்னு உங்களுக்கே தெரியும்” என்பார். ஒவ்வொரு வருஷமும் மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வு வரும். ஒவ்வொரு வருஷமும் அவர் போகமாட்டார். பாதிக் கியூவோடு போய் அசிங்கப்படவா, முழுசாக இருந்தால் கேட்கவே வேண்டாம் என்பார். ஹாலில் எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். அவரவர் போன கியூ அவரவருக்கு நினைவு வரும்.

இப்படியே பேசிப் பேசி, ஒரு மனிதனின் ஆட்டத்தை அவன் தங்கை புருஷனே கெடுத்துவிட்டான் என்பது அந்த வட்டாரத்தில் தீர்ந்துபோன விஷயம் ஆகிவிட்டது. பல் செட் வாங்க வருகிறவர்கள்கூட, வாயில் மெழுகை வைத்துக்கொண்டே அதைப் பற்றிக் கேட்டார்களாம். பல்லுக்காரர் பதில் சொல்கிற ஆள் இல்லை. தங்கை வீட்டில் ஏதாவது விசேஷம் என்றால் இரண்டு பேரும் ஒரே அறையில் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அண்ணனுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு என்பார் அவர். வேண்டாம்னு சொல்லு என்பார் இவர். நடுவில் அந்தப் பெண் தபால்காரி மாதிரி அலைவாள்.

இந்த வருஷம் ஹால் போட்டியில் விபரீதம் நடந்தது. இரண்டு பக்கமும் எழுதிவைத்த பெயர்கள் இரண்டும் ஜெயித்து ஜெயித்து இறுதிக்கு வந்துவிட்டன. ஹால்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தங்கைக்கு விஷயம் எட்டியதும் அவள் அண்ணனுக்கு போன் போட்டாள். சுற்றி வளைக்கவில்லை.

“தோக்கறவங்க அவங்க கையில இருக்கற பாதியை ஜெயிச்சவங்ககிட்ட குடுத்துடணும். ரெண்டு பாதியும் ஒரு வீட்டுக்குப் போகட்டும். எந்த வீடுன்னு எனக்குக் கவலையில்ல. அவர்கிட்டயும் சொல்லிட்டேன், சரின்னுட்டார்.”

லிஃப்ட்காரருக்கு அன்று தூக்கம் வரவில்லை. அந்த அடிப்பாதி அவருக்குக் கண்ணிலேயே நின்றது. கருப்பு மரத்துக்குள் வெளிர் மரத்தைக் கூர் கூராகப் பொருத்தியிருக்கும், கைப்பிடியில் சணல் நூல் சுற்றியிருக்கும். அது இந்த நுனியோடு சேர்ந்தால், தான் யார் என்று இந்த ஊருக்குத் தெரியும் என்று இருந்தது. நாற்பத்தெட்டு வயதுக்கு மேல் ஒரு மனிதனுக்கு இப்படி ஒரு ஆசை வருவது நல்லதல்ல, ஆனால் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஹால் நிரம்பிவிட்டது. மற்ற மூன்று டேபிளிலும் யாரும் ஆடவில்லை, விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். ஹால்காரரே நடுவர். ஒருவருக்கு ஏழு பட்டைப் பந்து, மற்றவருக்கு ஏழு வண்ணப் பந்து, தன்னுடையதை முடித்துக் கருப்பையும் போடுகிறவருக்கு ஆட்டம்; ஐந்து ஆட்டத்தில் மூன்று ஜெயித்தால் வெற்றி. இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள், முகத்தைப் பார்க்காமல்.

முதல் ஆட்டம் இவருக்கு, இரண்டாவது அவருக்கு. மூன்றாவதில் பல்லுக்காரர் ஏழு பட்டைப் பந்தையும் ஒரே மூச்சில் போட்டார். அந்த மனுஷன் ஆடுவதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். அவசரம் கிடையாது, வேர்வை கிடையாது, ஒவ்வொரு பந்தையும் பல்லை வரிசையில் பொருத்துகிற மாதிரி பொருத்துவார். நான்காவதை லிஃப்ட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பிடித்தார். இரண்டுக்கு இரண்டு.

ஐந்தாவதில் லிஃப்ட்காரருக்கு ஒரே ஒரு வண்ணப் பந்தும், அது போனால் கருப்பும்தான் பாக்கி. அந்த வண்ணப் பந்து நடுக்குழிக்கு நேராக நின்றது. அடித்தார். குழியின் வாயில் இரண்டு தடவை தட்டி வெளியே வந்துவிட்டது. அவர் கை தானாகக் கியூவின் அடிப்பக்கம் போயிற்று. உருட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பஸ் டிரைவர், பாவம் என்று உச்சுக்கொட்டினார்.

பல்லுக்காரர் எழுந்தார். மிச்சமிருந்த இரண்டு பட்டைப் பந்தையும் போட்டார். இப்போது கருப்பு. அது வலது மூலைக் குழிக்கு ஒரு சாண் தூரத்தில், வெள்ளைக்கு நேரே நின்றது. கண்ணைக் கட்டிவிட்டாலும் போட்டுவிடலாம். லிஃப்ட்காரர் நாற்காலியில் உட்கார்ந்தபடி தன் கியூவின் திருகைத் தளர்த்த ஆரம்பித்துவிட்டார். நுனிப்பாதியைக் கொடுக்க வேண்டியதுதான். இந்த ஆளிடமா, இந்த ஆளிடமா என்று அதே வார்த்தை மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஹாலில் ஒரு சட்டம் உண்டு. கருப்பை அடிப்பதற்கு முன்னால் எந்தக் குழி என்று கியூவின் நுனியால் அந்தக் குழியைத் தட்டிக் காட்ட வேண்டும். வேறு குழியில் விழுந்தால் ஆட்டம் எதிராளிக்கு. பல்லுக்காரர் டேபிளைச் சுற்றி நடந்து போனார். வலது மூலையைத் தாண்டினார். மறுகோடியில் இருந்த இடது மூலைக் குழியைத் தட்டினார்.

ஹாலில் சலசலப்பு. அந்தக் குழிக்குப் போட வேண்டுமென்றால் கருப்பை டேபிளின் இரண்டு பக்கச் சுவரில் மோதவிட்டுத் திருப்ப வேண்டும். ஹால்காரருக்கே சந்தேகம் வந்துவிட்டது. இடது மூலைதானா என்று கேட்டார். பல்லுக்காரர் அங்கேயே நின்று இரண்டாவது தடவையும் தட்டினார். அப்புறம் திரும்பி வந்து, சாக்பீஸ் கட்டியை நிதானமாக நுனியில் தேய்த்து, குனிந்து, கருப்பை வலது மூலைக் குழிக்குள் மெதுவாக உருட்டிவிட்டார். அது சுவரைக்கூடத் தொடாமல் நடுவாக விழுந்தது.

யாரும் கை தட்டவில்லை. ஹால்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தப்புக் குழி, லிஃப்ட்காரர் ஜெயித்தார் என்று அறிவித்தார். அறிவிப்பு துக்கச் செய்தி மாதிரி இருந்தது.

பல்லுக்காரர் தன் கியூவைக் கழற்றினார். அடிப்பாதியை ஒரு துணியால் துடைத்து, டேபிளின் மேல் பச்சைத் துணியில் வைத்தார். “எடுத்துக்குங்க மச்சான்” என்றார். பதினைந்து வருஷத்தில் அவர் நேராக இவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அந்த இடத்தில் லிஃப்ட்காரர் என்ன செய்திருக்க வேண்டும் என்று அவருக்கே தெரியும். இப்படி ஜெயிக்கத் தேவையில்லை, மறுபடி ஆடலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். முதுகெலும்புள்ள யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அடிப்பாதி கண்ணெதிரில் கிடந்தது. கை நீண்டு அதை எடுத்துவிட்டது. எடுத்த வேகத்தைப் பார்த்துக் குமாஸ்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டு பாதியையும் வைத்துத் திருகினார். வழுக்கிக்கொண்டு உள்ளே போய்ப் பொருந்தியது. பல்லுக்காரர் அதைப் பார்த்துவிட்டுத்தான் கதவுப் பக்கம் போனார். போகும்போது, நின்று, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னார்.

“புதன்கிழமை பத்து மணிக்குத் தேர்வு. உங்க பேரைக் குடுத்துட்டேன். இப்பத்தான் முழுசா இருக்கே.”

மறுநாள் காலை ஒரு ஏழு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் லிஃப்ட்காரர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு ஓடும் சக்கரத்துக்கு கிரீஸ் வைக்க வேண்டும். வைத்த இடத்திலேயே மறுபடி வைத்தார். கீழே இரண்டு மாடிக்கு நடுவில் யாரோ மாட்டிக்கொண்டு மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள். சுவிட்சை அணைத்தது தான்தான் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்குப் புரிந்தது. மத்தியானம் வேலையைப் பாதியில் விட்டு, அடிப்பாதியை மட்டும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, பல்லுக்காரரின் பட்டறைக்குப் போனார். அந்த வாசலில் அவர் கால் வைப்பது பதினைந்து வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

சின்ன அறை. மாவுக்கட்டுப் பொடி எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது. அலமாரியில் ஐம்பது அறுபது வாய்கள் வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தன. மாப்பிள்ளை ஒரு மேல் வரிசைப் பல்லைக் கையில் வைத்து அரம் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், உட்காரச் சொல்லவில்லை.

லிஃப்ட்காரர் பையை மேஜையில் வைத்தார். பிச்சை எடுக்கிற அளவுக்குத் தான் இன்னும் கெட்டுப்போகவில்லை என்றார். எல்லோர் முன்னாலும் வேண்டுமென்றே தப்புக் குழியில் போட்டு மானத்தை வாங்கியதாகக் கத்தினார். தங்கை அந்த ஆளுக்கு வாழ்க்கைப்பட்ட நாளை ஒருதரம் சபித்தார். மாப்பிள்ளை அரத்தைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். இவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது, ஆமாம், வேண்டுமென்றேதான் என்றார்.

“எதுக்கு?”

“நீங்க தோத்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான்தான் காரணம்னு ஊரே சொல்லுது. பல்லு கட்ட வர்றவங்க சொல்றாங்க. உங்க தங்கச்சியே ஒருதடவை கேட்டா, எங்க அண்ணனை ஏன் இப்படிக் கெடுத்தீங்கன்னு. பதினஞ்சு வருஷம் கேட்டுக்கிட்டேன். இப்ப ரெண்டு பாதியும் உங்ககிட்ட இருக்கு. இனிமே தோத்தா யார் காரணம்னு பாக்கணும். அதுக்குத்தான் குடுத்தேன்.”

“நான் ஜெயிச்சுட்டா?”

“ஜெயிங்க. நானும் கை தட்டறேன்.”

இவர் பையை அங்கேயே விட்டுவிட்டு வெளியே நடந்தார். மாப்பிள்ளை அதை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்து, இவர் கையில் திணித்தார். வேண்டாதவர் வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தைத் திருப்பித் தருகிற மாதிரி இருந்தது. இரண்டு ஆண்பிள்ளைகள் தெருவில் நின்று ஒரு பையைத் தள்ளிக்கொள்வதை எதிர்க்கடைக்காரர் வேடிக்கை பார்த்தார். லிஃப்ட்காரர் கடைசியில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

திங்கள் மாலையும் செவ்வாய் மாலையும் ஹாலில் தனியாக ஆடிப் பார்த்தார். முதல் பத்து அடி தேன் மாதிரி இருந்தது. கை கனமாகவும் நுனி நேராகவும் போயிற்று, கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. பதினோராவது, நடுக்குழிக்கு நேரான பந்து, வாயில் தட்டி வெளியே வந்தது. அடிப்பக்கம் போன கையைப் பாதியில் இழுத்துக்கொண்டார். திரும்ப வைத்து அடித்தார், திரும்பவும் வெளியே. செவ்வாய்க்கிழமை எண்ணிப் பார்த்தார். வழக்கமாக எத்தனை போடுவாரோ அத்தனையே போட்டார், எத்தனை விடுவாரோ அத்தனையே விட்டார். கியூவில் ஒரு குறையும் இல்லை, நல்ல கியூ. ஆனால் பந்து அவர் அடித்த இடத்துக்குத்தான் போயிற்று.

புதன்கிழமை போகாமல் இருந்துவிடலாமா என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். ஒரிஜினல் அடி, ஒரிஜினல் நுனி என்று பதினைந்து வருஷமாகக் கேட்டுப் புளித்துப்போனவள் அவள். போகாம இருந்தீங்கன்னா இந்த வீட்டுல இனிமே கியூங்கற பேச்சு வரக்கூடாது, உங்களால முடியுமா என்று கேட்டாள். முடியாது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தேர்வு நடந்த இடம் பெரிய கூடம், எட்டு டேபிள், ஒவ்வொன்றுக்கும் மேலே வெள்ளைவெளேர் என்று விளக்கு. ஹால்காரர் தன் ஹாலைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். பஸ் டிரைவர் லீவு போட்டிருந்தார். முன்வரிசை நாற்காலியில், மடியில் சாப்பாட்டுப் பையோடு, பட்டறையை அரை நாள் மூடிவிட்டுப் பல்லுக்காரர் உட்கார்ந்திருந்தார். தலையை ஆட்டி வணக்கம் சொல்கிற பேச்செல்லாம் இல்லை. சினிமாவுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

எதிராளி ஒரு கணக்கு டீச்சர். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், பள்ளிக்கூடத்தில் இரண்டு பீரியட் அனுமதி வாங்கிக்கொண்டு வந்ததாகச் சொன்னாள். அவளிடம் கியூ வைக்கிற பையே இல்லை. சுவரோரம் மரச்சட்டத்தில், வருகிறவர் போகிறவருக்கென்று மாட்டியிருந்த கியூக்களில் ஒன்றை எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, பரவாயில்லை என்றாள். அடியில் வெள்ளைப் பெயின்டில் ஏழு என்று எழுதியிருந்தது. நுனியில் இருந்த தோல் பாதி தேய்ந்திருந்தது. ஹால்காரரும் பஸ் டிரைவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். லிஃப்ட்காரருக்கும் உயிர் வந்தது.

ஐந்து ஆட்டம் முதலில் ஜெயிக்கிறவருக்கு இடம். இவர் இரண்டு ஜெயித்தார். டீச்சர் ஐந்து ஜெயித்தாள். அவள் பெரிய வித்தை எதுவும் காட்டவில்லை. போடக்கூடியதைப் போட்டாள், போட முடியாததை யாரையும் கேட்காமல் தடுத்து வைத்தாள். கடைசி ஆட்டத்தில் லிஃப்ட்காரருக்கு மூன்று தடவை வாய்ப்பு வந்தது. மூன்றாவது தடவை கருப்பு, தூரமும் இல்லை, கோணமும் இல்லை. குனிந்தார். பின்னால் யாராவது ஏதாவது சொல்வார்களா என்று காது அதுபாட்டுக்குக் காத்திருந்தது. யாரும் சொல்லவில்லை. அடித்தார். ஒரு விரல் அகலத்தில் தப்பிப் போயிற்று.

டீச்சர் கருப்பைப் போட்டுவிட்டு, கை குலுக்கி, நல்ல கியூ சார் என்று மனசாரச் சொன்னாள். அப்புறம் ஏழாம் நம்பரைக் கொண்டுபோய்ச் சட்டத்தில் மாட்டினாள்.

ஹால்காரர் எழுந்து வந்தார். அவர் கெட்டவர் இல்லை. பதினைந்து வருஷத்துப் பழக்கம், வாய் தானாகக் கேட்டது. “என்ன ஆச்சு?”

பஸ் டிரைவரும் பக்கத்தில் வந்து நின்றார். முன்வரிசையில் பல்லுக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். டேபிள் துணியில் பந்து மெதுவாக ஓடுகிறது என்று சொல்லலாம், ஆனால் அதே துணியில்தான் அவளும் ஆடினாள். விளக்கு கண்ணைக் கூசுகிறது என்று சொல்லலாம், அந்த விளக்கு அவளுக்கும்தான் எரிந்தது. அடி என்று சொல்ல முடியாது, நுனி என்று சொல்ல முடியாது. இரண்டும் அவர் கையில், ஒன்றாக, திருகிப் பொருத்தியபடி இருந்தன. தங்கை புருஷனை ஒருதடவை பார்த்தார். அந்த முகத்தில் ஒரு சிரிப்பாவது இருந்திருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு ஏதாவது சொல்லியிருப்பார். இல்லை. அந்த மனுஷன் சும்மா காத்துக்கொண்டிருந்தார்.

“நான் சரியா ஆடலை” என்றார் லிஃப்ட்காரர்.

கடைவாய்ப் பல்லை மரத்துப்போகிற ஊசி போடாமல் பிடுங்கியது போல இருந்தது. ஹால்காரர், சரி சரி, டீ சாப்பிடலாமா என்றார்.

பல்லுக்காரர் எழுந்து சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டார். மூன்று மணிக்கு ஒருவருக்குப் பல் கொடுத்தாக வேண்டும் என்று பொதுவாகச் சொன்னார். இவரைத் தாண்டும்போது நின்றார்.

“இதை அன்னிக்கே பஸ்ல சொல்லியிருந்தீங்கன்னா, கியூவை நான் அப்பவே குடுத்திருப்பேன் மச்சான்.”

சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். அந்த மனுஷனை லிஃப்ட்காரர் வாழ்க்கையில் அவ்வளவு வெறுத்தது கிடையாது. பின்னாலேயே ஓடிப்போய், முழு கியூவையும் அந்த முதுகில் போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது. சொன்னது பொய் என்றால் ஓடியிருக்கலாம். அது பொய் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது, பதினைந்து வருஷமும் தெரிந்தேதான் இருந்தது. கால் நகரவில்லை.

அடுத்த ஆட்டக்காரர்களுக்கு டேபிள் வேண்டும், உங்கள் கியூவை எடுத்துக்கொள்ளுங்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். எடுத்துக்கொண்டார்.